பாறையைப் பார்த்த ஆண்டெனா

குற்றாலிங்கம் இரண்டாவது ஒயரின் நுனியைச் சீவி, ரேடியோ ட்யூனரின் முதுகில் இருந்த திருகில் சுற்றி, கட்டிங் பிளேயரால் அழுத்தி முறுக்கினார். அதே திருகில் ஏற்கெனவே மொட்டை மாடி ஆண்டெனாவின் ஒயர் இருந்தது. முறுக்கிய முறுக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முப்பத்து நான்கு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். அவர் போட்ட இணைப்பு எந்த மழைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"போட்டுப் பாக்கவா டீச்சர்?"

வாசலோரத்து நாற்காலியில் பல்கீஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள். போடுங்கள் என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் வரும் நாட்களில் அந்த வீட்டின் வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருக்கும். தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்துவிட்டுப் போகலாம். பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஸ்விட்சைப் போட்டார். இரைச்சல். அதற்குள் கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல ஒரு மலையாளக் குரல் வந்தது, போனது. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பார்த்தார். குரல் இன்னும் கலங்கியது.

நேற்று மொட்டை மாடி ஆண்டெனா மட்டும் இருந்தபோது இதைவிட நன்றாக இருந்தது என்றார். இன்றைக்குப் பழைய ஒயரையும் சேர்த்துவிட்டோம், கூடத்தானே வேண்டும் என்றார். ஒரு லைன் லோடு தாங்காவிட்டால் இன்னொரு லைனைச் சேர்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த தொழில்.

"ரெண்டு இருக்கும்போது ஒண்ணைவிடக் குறைவா எப்படி டீச்சர் வரும்?"

பல்கீஸ் கிளாசைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்."

பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில் கொடை விழா. தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். யாரோ மைக்கில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பல்கீஸ் அவரைத் தெருவின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்ன சொல்லுதாங்க?"

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பொங்கல் என்று ஒரு வார்த்தை. தாய்மார் என்று ஒன்று. மற்றதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்கியது. ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

அவள் வடக்கு முனையை நோக்கி நடந்தாள். அவரும் பின்னால் போனார். ஸ்பீக்கர் கட்டிய வேப்பமரத்தடியில் நின்றாள்.

"இப்ப?"

"பொங்கல் வைக்கிற தாய்மாருங்க அடுப்பை ஓரமாப் போடச் சொல்லுதாங்க."

"அங்க பேசினது யாரு?"

"அதே ஆளுதான்."

"வேற பேச்சா?"

"அதே பேச்சு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு முந்தி வருது, ஒண்ணு பிந்தி வருது. ஒண்ணை ஒண்ணு அடிச்சுப்போடுது" என்றார்.

பல்கீஸ் வளையல் கடையில் ஒரு அட்டை ஊக்கு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

*

அவர் அவளிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பல்கீஸ் பெண்கள் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறவள். வயது நாற்பத்து மூன்று. அவருக்கு அறுபத்து நான்கு. மாலையில் வீட்டு முன்னறையில் ரேடியோவும் டிவியும் பழுது பார்ப்பாள். நல்ல ஆண்டெனா ஒன்று மாட்டித் தர வேண்டும் என்று போய் நின்றார். எந்த ஸ்டேஷனுக்கு என்று கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்டேஷனைச் சொன்னார். மற்ற நேரமெல்லாம் மலையாளம். சாயங்காலம் நாலிலிருந்து நாலரை வரைக்கும், ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழ் ஜனங்களுக்காக, தமிழில் பேசுவார்கள்.

"அது செங்கோட்டைக்கு எடுக்காது அண்ணாச்சி. குறுக்கே மலை இருக்கு."

"எடுக்கணும் டீச்சர்."

"அப்படி என்ன அதுல?"

"என் மக பேசுதா."

அவளுக்குக் கதை தெரியும். ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் உலகம்மாள் புனலூர்ப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதி வந்த அன்று குற்றாலிங்கம் பட்டப்பகலில் ஆற்றுக்குப் போய், படித்துறையில் இருந்தவர்கள் பார்க்க மூன்று முறை முங்கி எழுந்தார். எனக்கு மக இல்லை, தலை முழுகியாச்சு என்று சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவர் மனைவி இசக்கியம்மாளும் எடுக்கவில்லை.

போன புரட்டாசியில் இசக்கியம்மாள் போய்விட்டாள். மகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாமா என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். அவர் சொல்லி அனுப்பவில்லை. பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து, பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, இசக்கியம்மாள் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்தார். உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "சரி" என்றாள். வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

புனலூர் பஸ்ஸில் இரண்டு முறை ஏறினார். இரண்டு முறையும் பாதி வழியில் ஆரியங்காவில் இறங்கி, டீ குடித்துவிட்டு, எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை அந்த பஸ்ஸின் கண்டக்டர் சங்கிலி, பழைய அண்டைவீட்டுக்காரன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உலகு ரேடியோவில் பேசுகிறாள் தெரியுமா என்று கேட்டான். என்னமாய்ப் பேசுகிறாள், தோட்டத்துப் பொம்பளைகள் ரப்பர் பால் எடுக்கிற சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள் என்றான்.

"உமக்கு எதுக்கு வே அது? உமக்குத்தான் அவ செத்தாச்சே," என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

போன் செய்ததும் பஸ் ஏறியதும் பல்கீஸிடம் அவரே சொன்னதுதான். சங்கிலி சொன்னதையும் விடாமல் சொன்னார்.

நான் வந்து மாட்டித் தர மாட்டேன் என்றாள் பல்கீஸ். நான் மாட்டினால் ஒரு மாதம் கேட்கும், ஆடிக் காற்றில் திரும்பிக்கொள்ளும், அப்புறம் என்னைத் தேடி ஓடி வருவீர்கள். நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் மேசைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்தார். இருபது வயது சின்னப் பொம்பளையிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். கேபிளை எப்படிச் சீவுவது, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியும் வெளியே இருக்கும் வலையும் ஒன்றையொன்று தொடாமல் எப்படி மாட்டுவது, தீப்பெட்டி மாதிரியான சின்ன டப்பாவை ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் நடுவில் எதற்காகப் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கை சொன்னதைக் கேட்டது. பழக்கம்தான் கேட்கவில்லை. ஆண்டெனாவை முதல்முறை செட்டில் மாட்டிய அன்று, அதன் ஒரு முனையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துப்போய் வாசலில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த்தில் கட்டிவிட்டார். செட்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

பல்கீஸ் வந்து பார்த்தாள். இது எதற்கு என்றாள்.

"எர்த் இல்லாம எதையும் தொடக் கூடாது டீச்சர். எத்தனை பேரு கருகிப் போனதைப் பாத்திருக்கேன்."

"இதுல எவ்வளவு கரண்டு வருதுன்னு நினைக்கீங்க?"

அவர் கம்பியின் தடிமனை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாப் பிய்ச்சா, அதுல நாலஞ்சு துணுக்கு. உங்களை அடிக்க வர்றதில்ல இது. அம்புட்டுத் தூரம் நடந்து வந்து, தெம்பில்லாம வாசல்ல நிக்கிது. நீங்க அதைக் குழியில எறக்கி விட்டுட்டீங்க."

அவர் அந்தக் கம்பியை அவிழ்த்தார்.

*

கொடைத் தெருவிலிருந்து திரும்பி வந்ததும் ட்யூனருக்குப் பின்னால் குனிந்தார். இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

"எதைக் கழட்ட?"

"எது கேட்குதோ அதை வச்சுக்கோங்க."

"பழசு கேக்காது."

"அப்ப தெரியுதுல்லா."

அவர் குனிந்தபடியே இருந்தார். அந்தப் பழைய ஒயர் பட்டையான, பழுப்பேறிய ரிப்பன் ஒயர். செட்டின் முதுகிலிருந்து பீரோவுக்குப் பின்னால் ஏறி, சுவரில் இரண்டு பக்கமும் கை விரித்ததுபோல ஆணியடித்து நின்றது. உலகம்மாள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, வளைகுடாவிலிருந்து வந்த ஒருவரிடம் அவர் இந்த ட்யூனரை வாங்கினார். பெட்டியில் அந்த ஒயரும் இருந்தது. அவர் டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் முக்காலியில் ஏறி, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, தானே அடித்துவிட்டாள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஒன்பது ஓட்டை என்று அவர் அன்றைக்குக் கத்தினார். இப்படி அப்படி என்று பல்கீஸிடம் சொல்லிக்கொண்டே போனார்.

"கழட்டினா, சுவரை விட்டும் எடுத்துறணுமா டீச்சர்?"

"சுவர்ல இருக்கட்டும். செட்டுல இருக்கக் கூடாது."

அவர் முறுக்கிய முறுக்கு பிரியவில்லை. நகத்தால் நெம்பினார். பிளேயரால் திருப்பினார். கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது.

*

அதன் பிறகு கொஞ்சம் தெளிந்தது. நாலு மணிக்கு அந்தத் தமிழ் அரைமணி தொடங்கும்போது ஒரு நாதஸ்வரத் துணுக்கு கேட்டது. ஒரு பெண் குரல் வணக்கம் என்று ஆரம்பித்தது. வணக் என்பதோடு அது மூழ்கிவிட்டது. அப்புறம் எப்போதாவது ஒரு சொல், பாதிச் சிரிப்பு, ஒரு பாட்டின் வால். அது உலகுதானா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு குரல் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்தால் போதும் என்று பல்கீஸிடம் சொன்னார். என்ன பேசினாலும் சரி, யாரிடம் பேசினாலும் சரி, குரல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டால் போதும். அதற்குமேல் தனக்கு ஒன்றும் பாக்கியில்லை என்றார்.

பல்கீஸ் முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். குழாயின் உச்சியில் ஆண்டெனா மீன் முள் மாதிரி நின்றது. மேற்கே பார்த்திருந்தது. மலையில் ரயில் பாதை நுழையும் கணவாயை, கம்பம் நடுகிறவன் நேர் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணால் பார்த்து அவர் வைத்திருந்தார். ஒரு விரற்கடை கூடப் பிசகில்லை.

"ஏன் அங்க பாக்குது?"

"அவ அங்கதான டீச்சர் இருக்கா."

பல்கீஸ் திரும்பிக் கிழக்கே பார்த்தாள். வயல்களைத் தாண்டி, மரமில்லாத ஒரு பாறைக் குன்று, வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

"அந்தப் பாறையைப் பார்த்துத் திருப்புங்க."

அவர் தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தார். அவள் விளக்கினாள். நேரே வருவதை மலை மறித்துவிடுகிறது. கணவாய் வழியாகத் தப்பி வருவது கொஞ்சம்தான். அது நம் தலைக்குமேல் போய், அந்தப் பாறையில் முட்டி, திரும்பி வருகிறது. மலை மறித்து மிஞ்சினதும் பாறை திருப்பித் தருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பாறை தருவது மட்டும் போதும்.

"மகளுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கச் சொல்லுதீங்க."

"ஆண்டெனாவைத்தான் சொல்லுதேன்."

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். ஒருத்தர் நேராகப் பேசாததை, வேறு பக்கம் திரும்பி நின்று எடுத்துக்கொள்வது திருட்டு மாதிரி இல்லையா என்று கேட்டார். பல்கீஸும் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க உம்மாவும் வாப்பாவும் ஆறு வருஷம் பேசிக்கல."

"ஒரே வீட்லயா?"

"ஒரே வீட்லதான். என்ன சண்டைன்னு எங்களுக்குத் தெரியாது. உம்மா சோத்தைப் போட்டு வச்சிட்டுக் கோழிகிட்டப் பேசும். ஏ கோழி, சோறு ஆறுது, திங்கிறவுக வந்து திங்கலாம்னு. வாப்பா வந்து உக்காருவாக. தின்னுட்டு அவுகளும் கோழிகிட்டத்தான் சொல்லுவாக. ஏ கோழி, இன்னிக்கு உப்பு கரிக்குதுன்னு."

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்ததில் இருமல் வந்தது.

"கோழி என்ன செய்யும்?"

"அது என்ன செய்யும். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கும்."

"கடைசி வரைக்கும் நேராப் பேசிக்கிடவே இல்லையா?"

"ஒரு தடவை பேசிச்சு உம்மா. வாப்பா மவுத்தான அன்னிக்கு. வெள்ளைத் துணி போட்டுக் கிடத்தின மையத்துக்குப் பக்கத்துல உக்காந்து, முகத்துக்கு நேரா குனிஞ்சு."

"என்ன பேசினாக?"

"சோறு ஆறுதுன்னுச்சு."

குற்றாலிங்கம் கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆண்டெனாவைத் திருப்பவில்லை.

அடுத்த ஒரு வாரமும் திருப்பவில்லை. பல்கீஸ் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்து, அவள் கொடுத்த ஒரு பழைய செட்டைப் பிரித்து, தூசு தட்டி, மூடி வைத்துவிட்டுப் போனார். எழுந்து போகும்போது, நாளைக்கு நாலு மணிக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார். திருப்பும்போது கீழே ஒரு ஆள் வேண்டும் என்றார். முன்பு டிவி ஆண்டெனா திருப்புகிற காலத்தில் இசக்கியம்மாள் முற்றத்தில் நின்று, தெரியுது, தெரியுது, ஐயோ போயிட்டு என்று குரல் கொடுப்பாள். இப்போது அவரே மேலே ஏறித் திருப்பிவிட்டு, அவரே கீழே ஓடி வந்து கேட்டு, மறுபடி மேலே ஏற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறார்.

*

மூன்றே முக்காலுக்கெல்லாம் பல்கீஸ் வந்துவிட்டாள். ட்யூனருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மொட்டை மாடிப் படிக்கட்டின் கதவையும் திறந்து வைத்தார்கள், குரல் போய் வருவதற்காக. நீங்கள் கேளுங்கள், நான் மேலே போய்த் திருப்புகிறேனே என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த முழங்காலோடு வேண்டாம் என்றுவிட்டார்.

மேலே வெயில் இன்னும் தணியவில்லை. குழாய் சுட்டது. தோளில் கிடந்த துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நட்டுகள் இரண்டையும் ஸ்பேனரால் இளக்கினார். மீன் முள்ளின் வால் மலைப் பக்கம் போயிற்று. தலை மெல்லக் கிழக்கே வந்தது.

"ஆரம்பிச்சாச்சு," என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"கேக்குதா?"

"இரைச்சல்தான்."

கொஞ்சம் திருப்பினார்.

"இப்ப?"

"லேசா. ஒரு ஆம்பளை குரல். போன்ல பாட்டு கேக்குதான்."

இன்னும் கொஞ்சம். பாறையின் இடது விளிம்பு ஆண்டெனாவின் முதல் முள்ளுக்கு நேரே வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, பாறையின் நடுப்பகுதியைக் குறி வைத்து, ஒரு நெல் அளவு ஒரு நெல் அளவாக நகர்த்தினார்.

"வருதா டீச்சர்?"

"வருது. விட்டு விட்டு வருது. நிறுத்தாதீங்க."

இன்னும் ஒரு நெல்.

"இப்ப?"

பதில் இல்லை.

"டீச்சர்?"

தெருவில் ஒரு வேன் போனது. அதன் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். தாண்டிவிட்டோமோ என்று தோன்றியது. பின்னால் இழுத்தார். கழுத்தில் வேர்வை இறங்கியது. இழுத்த இடத்திலிருந்து மறுபடி முன்னால் தள்ளினார்.

"கேக்குதா, இல்லையா?"

கீழே செட்டு ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. சொல் எதுவும் மாடிக்கு வந்து சேரவில்லை. பல்கீஸ் தூங்கிவிட்டாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அவள் அப்படித் தூங்குகிறவள் இல்லை.

வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது. தணிந்திருந்தது.

"கேக்குது அண்ணாச்சி. அப்படியே விட்டுட்டு வாங்க."

குழாயை விட்டார். ஆண்டெனா நின்ற இடத்தில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியிலேயே பாட்டு கேட்டது. பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து பாடுவதுபோல, பிசிறே இல்லாமல். உள்ளே வந்து கதவோரம் நின்றார். பல்கீஸ் எழுந்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

பாட்டு முடிந்தது.

"மணி நாலு இருபத்தெட்டு," என்றது குரல்.

அவர் கண் ட்யூனரின் சின்ன விளக்கில் நிலைத்தது. குரல் கனத்திருந்தது. சொல்லின் முடிவில் கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்கி, அடுத்ததைத் தொடங்கியது. அது இசக்கியம்மாளின் குரல். முப்பது வயது இசக்கி அடுப்படியிலிருந்து பேசுவதுபோல இருந்தது. இதை அவர் நினைத்திருக்கவில்லை.

நாளைக்கு மழை இருக்கும் என்று சொல்கிறார்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் தாள் எடுத்துப் போங்கள் என்றது குரல். பிள்ளைகளைத் தனியே ஓடைப் பக்கம் விட வேண்டாம் என்றது. நாளை இதே நேரத்தில் மறுபடி சந்திப்போம் என்றது.

"வணக்கம் சொல்லி விடைபெறுவது, உங்கள் உலகம்மாள்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டது.

நாதஸ்வரம் வாசித்து முடிந்து, மலையாளத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் தொடங்கியது. பல்கீஸ் வால்யூமைக் குறைத்தாள். குற்றாலிங்கம் இப்போது உட்கார்ந்தார்.

அவளேதான் என்றார். பல்கீஸ் ஆமாம் என்றாள். நல்லாப் பேசுகிறாள் என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழவில்லை.

"நான் மேல நிக்கும்போது நீங்க ரொம்ப நேரம் குரல் கொடுக்கல."

"ஆமா."

"என்னப் பத்தி ஏதும் பேசினாளா?"

"பேசினா."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தோட்டத்துலருந்து ஒரு அம்மா போன்ல வந்துச்சு. உங்க அப்பா என்ன வேலை பாத்தாருன்னு கேட்டுச்சு."

"ம்."

"கரண்டு கம்பம் ஏறுவாருன்னு சொன்னா. மழையில ஊரே இருட்டாக் கிடக்கும், எங்க அப்பா ஏறி இறங்கினாத்தான் எல்லார் வீட்லயும் வெளிச்சம் வரும், எங்க வீட்ல மட்டும் அவரு வந்தப்புறம்தான் விளக்குப் போடுவோம்னு சொன்னா."

"ம்."

"அந்த அம்மா, அப்பா இப்ப எங்க இருக்காருன்னு கேட்டுச்சு."

பல்கீஸ் பையின் வாரை விரலில் சுற்றினாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இறந்துட்டாரு, ஒன்பது வருஷம் ஆச்சுன்னு சொன்னா."

தெருக்குழாயில் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழத் தொடங்கியது.

"அதைச் சொல்லும்போது," என்றார். "அதைச் சொல்லும்போது அவ குரல் உடைஞ்சுதா டீச்சர்?"

பல்கீஸ் பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"அந்த நேரம் நீங்க மேல திருப்பிக்கிட்டு இருந்தீங்க அண்ணாச்சி. உடைஞ்சுதான் வந்துச்சு. அவ குரல் நடுங்குச்சா, உங்க கை நடுங்குச்சான்னு எனக்குத் தெரியல."

குடம் நிறைந்து வழிந்தது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குற்றாலிங்கம் எழுந்தார். மொட்டை மாடிக்கு ஏறினார். சுவரோரம் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். பாறையைப் பார்த்து நின்ற ஆண்டெனாவை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு நட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கினார்.